கரும்பலகை மூலையில் இருந்த பதில்



பதிவு கொஞ்சம் நீளம். வேலைக்கு நடுவே படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள். வழக்கம்போல் பழைய பள்ளிக்கூடக் கதைதான். ஆனால் இந்த முறை நான் செய்த ஒரு தவறைப் பற்றிய கதை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். லீவில் சும்மா இருக்கவேண்டாம் என்று பைத்தான் என்ற கணினி மொழி கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். குரலே சரியில்லை.

"ஆச்சி, நோட்டுல எக்ஸ் = எக்ஸ் + 1ன்னு எழுதிப் போட்டிருக்காங்க. இது எப்படி ஆச்சி சரியாகும்? ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழிச்சா 0 = 1ன்னு வருதே! சார்கிட்ட கேட்டேன். கம்ப்யூட்டர்ல அப்படித்தான்னு சொல்லிட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்ட கேள்விக்காக இல்லை. அந்த சார் சொன்ன பதிலுக்காக. அதே பதிலை, ஒரு சொல் மாறாமல், 2002-ல் நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு இரண்டு கணினிகள் வந்திருந்தன. கணினி தெரிந்த ஆசிரியர் யாரும் இல்லை. "டீச்சர், நீங்கதான் கணக்கு எடுக்கீங்க, நீங்களே இதையும் பாத்துக்கிடுங்க" என்று தலையில் கட்டினார்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்வந்தேன். குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரிதான். பேசிக் என்ற மொழியில் பத்துப் பன்னிரண்டு நிரல்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அதைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து தட்டுவார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டி. நான் பலகையில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதியதும் எழுந்து நின்றான். "டீச்சர், இது தப்பு. எந்த எண்ணைப் போட்டாலும் இது சரியா வராது" என்றான். பேத்தி சொன்ன அதே விளக்கம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான். கேள்வி கேட்காம எழுதிக்கோ. பெரிய ராமானுஜன்னு நெனப்பா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதன்பின் கணினி நேரத்தில் தன் முறை வரும்போதெல்லாம் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். நானும் கண்டுகொள்ளவில்லை.

பேத்தியின் போனை வைத்தபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது நேரம் இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது, தேடிப் படிக்கக் கண்ணும் இன்னும் இருக்கிறது. இந்த 'மாறி' என்கிற சமாச்சாரம் எங்கிருந்து வந்தது, அந்தச் சமக்குறி எப்படி உள்ளே நுழைந்தது என்று ஒரு வாரமாகத் தோண்டிப் பார்த்தேன். அந்தப் பையன் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. கணினியை உருவாக்கிய பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கெல்லாம் நான் நடத்திய பாடம்தான்.

தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துக் கணக்குப் போடுவது நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய பீஜகணிதம் என்ற நூலில், தெரியாத எண்ணுக்கு 'யாவத்-தாவத்' என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இன்னொரு தெரியாத எண் வந்தால் காலகம், அதாவது கறுப்பு. அடுத்தது நீலகம், நீலம். அப்புறம் மஞ்சள், சிவப்பு. ஒவ்வொன்றின் முதல் எழுத்தை மட்டும் எடுத்து யா, கா, நீ என்று சுருக்கி எழுதுவார்கள். 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரும் இப்படி நிறங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். நாம் எக்ஸ், ஒய் என்று எழுதுவதைப் பழக்கப்படுத்தியவர் பிரான்ஸ் நாட்டு டெக்கார்ட். 1637-ல் வெளிவந்த வடிவியல் நூலில், தெரிந்த எண்ணுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்துகளையும் தெரியாத எண்ணுக்குக் கடைசி எழுத்துகளையும் அவர் வைத்தார்.

சமக்குறிக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. 1557-ல் வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்டு என்ற மருத்துவர் ஒரு கணித நூல் எழுதினார். 'இதற்கு இது சமம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதி அலுத்துப்போய், இரண்டு இணைகோடுகளைப் போட்டார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள் வேறு ஏது என்று காரணமும் சொன்னார். நாம் பள்ளியில் தராசை வரைந்து நடத்துவோமே, அதேதான். இடத்தட்டும் வலத்தட்டும் எப்போதும் சமம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2 எக்ஸ் + 5 = 13 என்றால் எக்ஸ் என்பது 4. கணக்குத் தொடங்கும்போதும் 4, முடியும்போதும் 4. நமக்குத் தெரியாமல் இருந்ததே தவிர, அது மாறவே இல்லை. ஆனாலும் பாடப்புத்தகம் அதை 'மாறி' என்று சொல்லும். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் நீங்களெல்லாம் பின்வரிசை மாரியப்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் மாரியப்பன் இல்லாத வகுப்பு ஏது? சிரித்தது போக, "மாறவே மாட்டேங்குதே, அப்புறம் ஏன் டீச்சர் மாறி?" என்று கேட்டவர்களும் உண்டு. உண்மையிலேயே மாறுகிற மாறி, இயந்திரத்தோடுதான் வந்தது.

அந்த இயந்திரத்தை யோசித்தவர் லண்டனில் இருந்த சார்லஸ் பாபேஜ். அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்யும் என்று 1843-ல் விளக்கி எழுதினார் அடா லவ்லேஸ் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு 27 வயது. மெனாப்ரியா என்ற இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கியவர், கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளத்துக்குத் தம் குறிப்புகளைச் சேர்த்துவிட்டார்.

அந்த இயந்திரத்தில் எண்களை வைக்கத் தூண் தூணாக இருக்கும். ஒவ்வொரு தூணிலும் 0 முதல் 9 வரை எழுதிய வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தகட்டைத் திருப்பினால் தூணில் இருக்கும் எண் மாறும். அந்தத் தூணுக்குத்தான் அவர்கள் வைத்த பெயர் 'வேரியபிள்'. மாறி! மாறும் தகடுகள் கொண்ட தூண், அதனால் மாறி. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். தாளில் அதை வரையும்போது, எண்களுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டார் லவ்லேஸ். அந்தக் கட்டத்துக்குள் நமக்கு வேண்டிய பெயரை எழுதிக்கொள்ளலாம். மேலே இருக்கும் எண்தான் அந்தப் பெயரின் மதிப்பு என்றும் விளக்கினார். பெயர் ஒரு இடத்தில், மதிப்பு ஒரு இடத்தில். தனித்தனியாக.

நம் பையனின் கேள்வியும் அங்கேயே வந்துவிட்டது. லவ்லேஸ் எழுதிய பெரிய கணக்கு ஒன்றில், நான்காம் தூணில் இருக்கும் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, விடையை மறுபடி நான்காம் தூணிலேயே வைக்கவேண்டும். இதை அவர் எப்படி எழுதினார் தெரியுமா? தூணின் எழுத்துக்கு இடப்பக்கம், தலைமேல், பொடியாக ஒரு எண் போட்டார். அந்தத் தூணில் இப்போது இருப்பது எத்தனையாவது மதிப்பு என்று காட்டும் எண் அது. 'நான்காம் தூணின் முதல் மதிப்பிலிருந்து 1-ஐக் கழித்தால், நான்காம் தூணின் இரண்டாம் மதிப்பு' என்று படிக்கவேண்டும். 0 = 1 என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இடப்பக்கத்து எக்ஸும் வலப்பக்கத்து எக்ஸும் ஒரே தூண்தான். ஆனால் ஒன்று பழைய மதிப்பு, மற்றது புது மதிப்பு. நடுவில் கொஞ்சம் நேரம் போயிருக்கிறது.

நேரம்! நம் கணக்குப் புத்தகத்து எக்ஸுக்கு நேரம் கிடையாது. இயந்திரத்து எக்ஸுக்கு நேரம் உண்டு. இந்த ஒரு வரியை 2002-ல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பையனை நான் உட்காரச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப்பிறகு நூறு ஆண்டு கழித்து உண்மையான கணினிகள் வந்தன. ஜெர்மனியில் கொன்ராட் சூசே என்ற பொறியாளர், இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் ஒதுங்கியிருந்தபடி ஒரு கணினி மொழியைத் தாளில் எழுதினார். பிளான்கால்குல் என்று பெயர். அதில் சமக்குறிக்குப் பதில் ஓர் அம்புக்குறி. கணக்கை இடப்பக்கம் எழுதி, அம்பு போட்டு, விடை போய்ச் சேரவேண்டிய பெயரை வலப்பக்கம் எழுதுவார். எக்ஸ் + 1 → எக்ஸ் என்பது போல. பார்த்தாலே புரிகிறது அல்லவா? ஆனால் அந்த நூல் முழுதாக வெளிவந்தது 1972-ல்தான். அதற்குள் உலகம் வேறு வழியில் போய்விட்டது.

ஆரம்பகாலக் கணினிகளில் நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் எண் மட்டும்தான். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் அலமாரி மாதிரி. '40-ஆம் அறையில் இருப்பதை எடு, 41-ஆம் அறையில் இருப்பதைக் கூட்டு' என்று எழுதவேண்டும். எந்த அறையில் எதை வைத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது எழுதுகிறவர் தலைவலி. எண்ணுக்குப் பதில் பெயர் சொல்லலாம், அறையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று ஆனது பெரிய விடுதலை.

1957-ல் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. விஞ்ஞானிகள் வழக்கமாக எழுதும் சூத்திரத்தைப் போலவே எழுதவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்தக் காலத்தில் நிரலை அட்டையில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்துக் கொடுக்கவேண்டும். துளைக்கும் இயந்திரத்தில் இருந்த எழுத்துகளும் குறிகளும் கொஞ்சம்தான். அம்புக்குறி அதில் இல்லை. சமக்குறி இருந்தது. ரெக்கார்டின் இணைகோடுகள் கணினிக்குள் வந்தது இப்படித்தான். இந்தக் குறிக்குச் சமம் என்று பொருள் இல்லை, இடப்பக்கத்தில் இருப்பதற்குப் பதிலாக வலப்பக்கத்து மதிப்பை வை என்றுதான் பொருள் என்று அவர்கள் தங்கள் கையேட்டிலேயே விளக்கியிருந்தார்கள். விஞ்ஞானிகள் பெரியவர்கள், புரிந்துகொண்டார்கள். ஆனால் எல்லாருக்கும் அந்தக் குறி பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே சூரிச் நகரில் கூடி அல்கால் என்ற மொழியை வகுத்தவர்கள், சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்து := என்று எழுதி, இது வேறு அது வேறு என்று காட்டினார்கள்.

இனிமேல்தான் என் கதை வருகிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே டார்ட்மவுத் கல்லூரி. அதில் இரண்டு கணிதப் பேராசிரியர்கள், ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ். கெமனி ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். கொஞ்ச காலம் ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். இருவருக்கும் ஓர் ஆசை. கணினி விஞ்ஞானிகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கக்கூடாது. வரலாறு படிக்கிற பிள்ளை, இலக்கியம் படிக்கிற பிள்ளை, எல்லாரும் தொட்டுப்பார்க்க வேண்டும். நூலகத்தில் போய்ப் புத்தகம் எடுக்கிற மாதிரி கணினியைப் பயன்படுத்த வேண்டும். அதற்காக எளிமையான ஒரு மொழியை வகுத்தார்கள். அதை இயங்க வைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் கல்லூரி மாணவர்கள். 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு அந்த மொழி முதன்முதலாக ஓடியது. அதுதான் பேசிக். இருபத்தெட்டு ஆண்டுகளாக நாங்கள் கற்றுக்கொடுத்தது அந்த விடியற்காலையின் பிள்ளையைத்தான் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால் நான் கற்றுக்கொடுத்தது இரண்டே ஆண்டு. அதையும் அரைகுறையாக.

அந்த முதல் பேசிக்கில் மாறிக்குப் பெயர் வைக்க ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். 26 எழுத்து, அதோடு ஒவ்வொன்றுக்கும் 10 இலக்கம் சேர்த்தால் 260. ஆக மொத்தம் 286 பெயர்கள். புதிதாகப் படிப்பவருக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கறாராக இருந்தார்கள். மாறிக்கு மதிப்பு கொடுக்கும் ஒவ்வொரு வரியும் 'லெட்' என்ற சொல்லோடு தொடங்கவேண்டும். லெட் எக்ஸ் = எக்ஸ் + 1. வெறும் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதக்கூடாது. கணினிக்கு அந்தச் சொல் கட்டாயத் தேவை இல்லை, அது இல்லாமலும் புரியவைத்திருக்கலாம். படிக்கிற பிள்ளைக்காக அதை வைத்தார்கள். இது இயற்கணிதத்தில் வரும் சமம் இல்லை, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு விடையை இடப்பக்கத்து மாறிக்குக் கொடு என்று கணினிக்கு இடும் கட்டளை என்று கையேட்டில் விளக்கமும் சொல்லியிருந்தார்கள்.

கட்டளை! அதைப் படித்ததும் நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். காலையில் முதல் பாடவேளையில் தமிழ் இலக்கணம் நடத்தியவளும் நான்தானே? செய்தி வாக்கியம், வினா வாக்கியம், கட்டளை வாக்கியம், உணர்ச்சி வாக்கியம் என்று நாலையும் எழுதிப்போட்டு எடுத்துக்காட்டு கேட்பேனே? 'கதவு மூடியிருக்கிறது' என்பது செய்தி. 'கதவை மூடு' என்பது கட்டளை. கணக்கில் வரும் சமக்குறி செய்தி. இது உண்மையா பொய்யா என்று சரிபார்க்கலாம். நிரலில் வரும் சமக்குறி கட்டளை. 'கதவை மூடு' என்பதைப் பொய் என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பையன் கட்டளை வாக்கியத்தைச் செய்தி வாக்கியம் என்று நினைத்துப் படித்தான். செய்தியாகப் படித்தால் அது தப்புதான். அவன் சரியாகத்தான் சொன்னான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் வந்த பேசிக் வகைகளில் லெட் எழுதுவது அவரவர் விருப்பம் என்று ஆகிவிட்டது. பயிற்சியில் நான் எடுத்த குறிப்பிலும் 'எழுதலாம், விடலாம்' என்றுதான் இருந்தது. சாக்பீஸும் நேரமும் மிச்சம் என்று நான் விட்டுவிட்டேன். கெமனியும் கர்ட்ஸும் என் மாணவனைப் போன்ற பிள்ளைக்காக வைத்த ஒரே ஒரு சொல். அதைத்தான் நான் அழித்துவிட்டு எழுதினேன்.

பேசிக்குக்குப் பிறகும் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று பலரும் யோசித்திருக்கிறார்கள். 1967-ல் அமெரிக்காவில் வாலி ஃபொயர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். ஆமை ஊர்ந்துபோய்ப் படம் வரையுமே, அதுதான். அதில் பெயரைக் குறிக்க ஒரு மேற்கோள்குறி, அந்தப் பெயரில் இருக்கும் மதிப்பைக் குறிக்க ஒரு முக்காற்புள்ளி. பெயர் வேறு, மதிப்பு வேறு என்று பிள்ளையின் கை எழுதும்போதே பழகிவிடும். நெதர்லாந்தில், பேசிக்கைவிட நல்லதாகப் புதியவர்களுக்கு ஒரு மொழி வேண்டும் என்று ஏபிசி என்ற மொழியைச் செய்தார்கள். அதில் சமக்குறி போட்டு மதிப்பு கொடுக்க முடியாது. 'இதை அதில் போடு' என்று ஆங்கிலச் சொற்களால் கட்டளையாகவே எழுதவேண்டும். அந்த ஏபிசி குழுவில் வேலை பார்த்த கைடோ வான் ராசம் என்ற இளைஞர், அதிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டு, சிலவற்றை விட்டுவிட்டு 1991-ல் வெளியிட்டதுதான் பைத்தான். விட்டுவிட்டவற்றில் இந்த 'போடு'வும் ஒன்று. ஃபோர்ட்ரான் காலத்து வெறும் சமக்குறி திரும்பி வந்துவிட்டது. என் பேத்தி நோட்டில் அவள் பார்த்தது அதைத்தான். 2007-ல் வந்த ஸ்கிராட்ச் என்ற மொழியில், சிறு பிள்ளைகள் வண்ணக் கட்டைகளை இழுத்து ஒட்டித்தான் நிரல் எழுதுவார்கள். அங்கே சமக்குறியே வேண்டாம் என்று, 'இதை 0 ஆக வை', 'இதை 1 மாற்று' என்ற பொருளில் கட்டைகள் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு பேத்திக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மாறி என்பது ஒரு பெட்டி என்று பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் பெட்டி என்றதும் பிள்ளைகள் பெட்டியைப் போலவே நினைப்பார்கள். பெட்டிக்குள் ஒன்றுக்கு மேல் போடலாமே? 5-ஐப் போட்டு அப்புறம் 7-ஐப் போட்டால் இரண்டும் உள்ளே இருக்கும்தானே? ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால் முதல் பெட்டி காலியாகிவிடாதா? எல்லாம் நியாயமான கேள்விகள். மாறி அப்படி நடந்துகொள்ளாது. அதில் ஒரு நேரத்தில் ஒரு மதிப்புதான். அதிலிருந்து எடுத்து வேறெங்கே வைத்தாலும் அது காலியாகாது.

அப்போதுதான் என் கண்முன்னால் கரும்பலகை வந்தது.

உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? பலகையின் மேல் மூலையில் கோடு போட்டு எழுதியிருப்போமே. பதிவு: 42. வருகை: 38. வகுப்புத் தலைவன் வேலை அது. பிரார்த்தனை முடிந்து வந்ததும் எண்ணி எழுதுவான். 'வருகை' என்ற சொல் வருடம் முழுக்க அப்படியே இருக்கும். தினமும் அழிவது எண் மட்டும். பத்து மணிக்கு ஒருத்தன் மூச்சிரைக்க வந்து "உள்ளே வரலாமா டீச்சர்" என்று நிற்பான். வரச்சொன்னதும் தலைவன் எழுந்துபோய் என்ன செய்வான்? 38-ஐப் பார்ப்பான். மனதில் ஒன்று கூட்டுவான். 38-ஐ அழிப்பான். 39 என்று எழுதுவான்.

வருகை = வருகை + 1.

வலப்பக்கத்து வருகை, அவன் கண்ணால் பார்த்த பழைய எண். இடப்பக்கத்து வருகை, அவன் கையால் எழுதிய புது எண். முதலில் பார்க்கவேண்டும், அப்புறம் கூட்டவேண்டும், கடைசியில்தான் எழுதவேண்டும். அந்த இடத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம், இரண்டு எழுத முடியாது. அந்த 39-ஐப் பார்த்து நான் வருகைப் பதிவேட்டில் எழுதினால் பலகையில் இருக்கும் 39 அழியாது. அழித்தது அழிந்ததுதான், 38 திரும்ப வேண்டுமென்றால் முன்பே வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கவேண்டும். மாறியைப் பற்றிப் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குத் தெரியவேண்டியது அத்தனையும் அந்த மூலையில் இருந்தது. முப்பத்து நாலு வருடம் அதன் பக்கத்தில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பையன் கேள்வி கேட்ட அன்றைக்கும் என் தலைக்குமேல் 'வருகை' என்று எழுதித்தான் இருந்திருக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மறுநாள் பேத்தியை வீடியோவில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அது சமம் இல்லையா ஆச்சி? 'ஆக்கு'ன்னு படிக்கணுமா?" என்றாள். ஆக்கு! வருகையை, வருகை + 1 ஆக்கு. நான் ஒரு வாரம் படித்ததை ஒரு சொல்லில் சொல்லிவிட்டாள்.

பைத்தானில் இப்போது தமிழிலேயே மாறிக்குப் பெயர் வைக்கலாம். அவள் உடனே உட்கார்ந்து வயது = 12 என்று தட்டினாள். அடுத்த வரியில் வயது = வயது + 1. அச்சிடச் சொன்னதும் 13 என்று வந்தது. "பிறந்த நாள் வந்துட்டு ஆச்சி" என்று சிரித்தாள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். சிலர் கணினி வேலையில் இருந்துகொண்டு வீட்டில் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை 'இது தப்பு' என்று சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கணக்கு சரியாகத் தெரியாத பிள்ளை எக்ஸ் = எக்ஸ் + 1-ஐப் பேசாமல் எழுதிக்கொள்ளும். கணக்கு தெரிந்த பிள்ளைக்குத்தான் அது உறுத்தும். உறுத்துகிற பிள்ளையை உட்கார வைத்துவிட்டால், நல்ல பிள்ளையை நாம் இழக்கிறோம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதனால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. இது எனக்கு 66 வயதில் தெரிகிறது.

கடைசியாக உனக்கு, 2002 எட்டாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசாவுக்கு. உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். நீ இந்தப் பதிவைப் பார்ப்பாயா என்று தெரியாது. உன் வகுப்புத் தோழர்கள் இதில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கும், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். அன்றைக்கு நீ சொன்னது சரி. கணக்காகப் படித்தால் அந்த வரி தப்புதான். அது கணக்கு இல்லை, கட்டளை என்று சொல்லவேண்டியது என் வேலை. எனக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க உன்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தேன். 23 வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள் ஐயா. ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. காபி போட்டுத் தருகிறேன். உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் கேட்கிற கேள்விக்கு இந்தத் தடவை உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்